புதன்கிழமை நான்காவது கேள்வி

எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்று நாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கடற்படையின் தேடும் கப்பல் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் விரிகுடாவை விட்டுக் கிளம்பவிருந்தது. திங்கட்கிழமை வரை அது நின்றால் என் அண்ணன் காண்டியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன். அதுவரை பன்னிரண்டு நாளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்தது தவறான இடத்தில். அந்த இடத்தைச் சொன்னவன் நான்.

எங்கள் படகு இருபத்தாறடி நீளம். அண்ணனும் நானும் மட்டும்தான் அதில் போவோம். கப்பல் கிளம்பவிருந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, நண்டுப்பொறிகளை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய அலை பக்கவாட்டில் விழுந்தது. அடுத்தது விழுவதற்குள் படகு சாய்ந்து மூழ்கிவிட்டது. அவன் ஓட்டும் அறைக்குள் இருந்தான், நான் வெளியே. மூழ்கினால் இடத்தைத் தானாகக் கரைக்குத் தெரிவிக்கும் அபாயக் கருவி வேலையே செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் மிதந்து எங்கேயோ போய்விட்டேன். எடுத்துக் காப்பாற்றியது வேறு துறைமுகத்துப் படகு.

லெட்டர்கென்னி ஆஸ்பத்திரியில் கடலோரக் காவல்காரர் ஒருவர் என் கட்டிலருகே உட்கார்ந்து, எங்கே மூழ்கியது என்று கேட்டார். எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை அப்படியே சொன்னேன்: மாதா கோயில் முகப்பும் மலைமேல் இருக்கும் டவரும் ஒரே கோட்டில் வரவேண்டும், தீவின் வால்பக்கம் கரைமுனைக்குப் பின்னால் மறையவேண்டும், அந்த இடம். அவர் எழுதிக்கொண்டார். வரைபடத்தில் கோடு போட்டார்கள்.

அப்பாவின் காலத்து டவரை இரண்டு வருடத்துக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். புதியதை மலையின் அடுத்த தோளில் நட்டார்கள். காண்டியும் நானும் அந்த இடத்துக்குப் போகும்போது படகுக் கருவியின் திரையில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் போவோம், ஆனால் வாயில் வருவது எப்போதும் கோயிலும் டவரும்தான். அந்த எண் படகோடு மூழ்கிவிட்டது. இல்லாத டவரை நான் சொன்னேன், இருக்கும் டவரை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடலில் அது ஒன்றரை மைல் வித்தியாசம். எங்கள் ஊர்க்காரர்களாலும் திருத்த முடியவில்லை. அந்த இடத்தை அப்பா எங்கள் இருவருக்கு மட்டும்தான் காட்டியிருந்தார். நல்ல நண்டு கிடைக்கும் இடத்தை எங்கள் கரையில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் டவர் எங்கே நிற்கிறது என்று என் கண்ணில் பட்டது. கையிலிருந்த கெட்டிலை அடுப்பில் வைக்கத் தெரியாமல் நின்றேன்.

திங்கட்கிழமை காலை படகுத்துறைக்குப் போய்ச் சொன்னேன். அங்கே தேடும் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் தன் நோட்டில் எழுதினார். பிறகு என் தோளில் கை வைத்து, "ஆறு மணி நேரம் தண்ணில கிடந்திருக்கீங்க மேனஸ், மனசு எல்லாத்தையும் மாத்தி மாத்திக் காட்டும். வீட்டுக்குப் போய்ப் படுங்க. உங்க துயரத்துக்கு வருந்துறேன்," என்றார். கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. படகு மூழ்கிய இடத்தில் இருபத்திரண்டு பாகம், நூற்றுமுப்பது அடிக்கு மேல் ஆழம். எங்கள் படகுகளால் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாது.

அதனால்தான் எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் யூனன் ஷோவ்லினைக் கூப்பிட்டேன். அந்த வாரம் புதன்கிழமை, பிரதமரிடம் கேள்வி கேட்கும் முறை அவருடைய குழுவுக்கு வந்திருந்தது. நான்காவது கேள்வி. மூன்று நிமிடம் கேட்கலாம், பிரதமர் மூன்று நிமிடம் பதில் சொல்வார். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம்.

"நீயும் நாப்லாவும் வந்து மேல மாடத்துல உக்காருங்க," என்றார் யூனன். "உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த ஆளால இல்லைன்னு சொல்ல முடியாது."

நாப்லா காண்டியின் மனைவி. பன்னிரண்டு நாளாக அவள் யாருக்கும் கை கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லோரும் வரிசையாக வந்து கையைப் பிடித்து, "உங்க துயரத்துக்கு வருந்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் வாசலிலேயே நின்று, "இன்னும் வரல அவன். வந்ததும் வாங்க," என்று திருப்பி அனுப்பினாள். கொண்டுவந்த ஹாமையும் கேக்கையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். டவர் விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தாள்.

விடிவதற்குள் கிளம்பி அவள்தான் டப்ளின் வரை ஓட்டினாள். பாராளுமன்ற உணவகத்தில் யூனன் எங்களுக்கு டீயும் ஸ்கோனும் வாங்கிக் கொடுத்தார். பெரிய உடம்பு, பெரிய கைகள். தொகுதியில் அவர் போகாத சாவு வீடு கிடையாது. "நீ செத்தா மொதல்ல வர்றது ஃபாதரா யூனனான்னு பந்தயம் கட்டலாம்டா," என்று காண்டி சொல்வான்.

நாப்லா கை கழுவப் போன நேரத்தில் என் தாளைக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தேன், கோயில், பழைய டவர், புதிய டவர், ஒன்றரை மைல். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இது நாப்லாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் கீழ வாசிச்சா அவ மேலருந்து கேப்பா. டிவில நாடே கேக்கும்."

"கேக்கட்டும் யூனன். வேற எந்தக் காரணம் சொன்னாலும் கப்பலை நிறுத்த மாட்டாங்க. பன்னெண்டு நாள் தேடிட்டோம்னு சொல்வாங்க. தேடவே இல்லைங்கிறதைச் சொல்லணும்."

"நீ அங்க வாழணுமேடா."

"வாசிப்பீங்களா மாட்டீங்களா?"

அவர் தாளை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். "கவலைப்படாத. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

பார்வையாளர் மாடத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஏவலர் எங்களை முன்வரிசையில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். கை தட்டக்கூடாது. பேசக்கூடாது. எழுந்து நிற்கக்கூடாது. தாள் எதையும் காட்டக்கூடாது. சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உங்க துயரத்துக்கு வருந்துறேன்மா," என்று கையை நீட்டினார். நாப்லா தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நான் கொடுத்தேன்.

கீழே அவை குதிரை லாடம்போல வளைந்து கிடந்தது. பிரதமர் கான்சிடைன் எனக்கு நேர் கீழே, கையில் தடித்த கோப்புடன். மெலிந்த மனிதர், டிவியில் தெரிவதைவிட வயதானவர். சுவரில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வி ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் தள்ளுவண்டியில் கிடப்பவர்களைப் பற்றி. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார். ஆனால் முதலில் மாடத்தைப் பார்த்தார். மேற்கே கடலில் நடந்த துயரத்தைச் சொன்னார், குடும்பத்தார் இங்கே வந்திருக்கிறார்கள் என்றார், தம் கட்சியின் சார்பில் அனுதாபம் என்றார். அதற்கு நாற்பது விநாடி. பதில் சொல்ல எழுந்த பிரதமரும் அந்த அனுதாபத்தில் தானும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் தள்ளுவண்டிக்குப் போனார். இரண்டாவது கேட்டவர் வாடகை உயர்வைப் பற்றிக் கேட்டார். அவரும் சேர்ந்துகொண்டார். மூன்றாவது ஆளும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு முதலில் நெஞ்சு நெகிழ்ந்தது. பொய் சொல்லக்கூடாது. இத்தனை பெரிய மனிதர்கள் காண்டியின் பெயரைச் சொல்கிறார்களே என்று இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது நாப்லா என் பக்கம் சாய்ந்தாள்.

"எல்லாரும் இருந்தான் இருந்தான்னே பேசுறாங்க," என்றாள்.

ஏவலர் விரலை உதட்டில் வைத்தார்.

நான்காவது கேள்விக்கு யூனன் எழுந்தார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் என்பது தாராளமாகப் போதும். என் தாளை நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம்தான். வீட்டில் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்திருந்தேன்.

அவர் எங்கள் கரையிலிருந்து தொடங்கினார். அங்கே மனிதர்கள் எப்படிக் கடலை நம்பி வாழ்கிறார்கள் என்றார். காண்டி கால்பந்து விளையாடிய வருடங்களைச் சொன்னார். தேடும் பணியில் இருக்கும் தொண்டர்களுக்கு நன்றி, சாண்ட்விச் செய்து தரும் பெண்களுக்கு நன்றி, பாதிரியாருக்கு நன்றி. நன்றாகப் பேசினார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நிமிடம் இரண்டு ஆனது. அப்போதுதான் உள்பையிலிருந்து தாளை எடுத்தார். பிரித்தார். மேலே பார்த்தார். என்னை அல்ல, நாப்லாவைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பிரதமர் அவர்களே, இந்தக் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கொடுங்க. இதயத்துலருந்து கேக்குறேன்," என்றார்.

"நேரம் முடிஞ்சுது, உறுப்பினரே," என்றார் சபாநாயகர்.

எனக்குக் காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல இருந்தது. அவர் எனக்காகத்தான் அப்படிச் செய்தார். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

பிரதமர் எழுந்தார். கோப்பைத் திறக்கவில்லை. தன் மாமா ஒருவர் ஆற்றில் மூழ்கிய கதையைச் சொன்னார், அவர் வீட்டில் எட்டு நாள் காத்திருந்தார்களாம். காத்திருப்பது என்னவென்று தனக்குத் தெரியும் என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. கடற்படை, கடலோரக் காவல், முக்குளிப்பவர்கள், எல்லோரும் செய்யக்கூடிய அனைத்தையும் செய்திருக்கிறார்கள் என்றார். 'செய்கிறார்கள்' என்று சொல்லவில்லை. நாப்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் எதிர்வரிசையில் பின்னால் இருந்த ஒரு பெண் குரல் கொடுத்தாள். டெர்வ்லா ராஃப்டர். வெக்ஸ்ஃபோர்டு பக்கத்து மீன்பிடி ஊர்க்காரி. சண்டைக்காரி என்று பேர் வாங்கியவள்.

"கப்பல் நிக்குமா நிக்காதா? அதைச் சொல்லுங்க!"

"உறுப்பினரே, உக்காருங்க," என்றார் சபாநாயகர்.

"அவர் கதை சொல்றாரு, நேரம் போகுது! நிக்குமா நிக்காதா?"

அரசுத் தரப்பிலிருந்து ஒருவர் திரும்பிக் கத்தினார். "கொஞ்சமாவது மரியாதை இருக்கா உனக்கு? குடும்பம் மேல உக்காந்திருக்கு!"

"தெரியும்யா, அதனாலதான் கேக்குறேன்!"

"வெக்கமாயில்ல?" என்றது வேறொரு குரல். "சாவுலயும் அரசியலா?"

அவளுடைய கட்சிக்காரனே அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். சபாநாயகர் மணியை அடித்தார். "பார்வையாளர் மாடத்துல துயரத்துல இருக்கிற குடும்பம் இருக்கு. அவங்களுக்காகவாவது இந்த அவை அமைதியா இருக்கணும்," என்றார். அவை அமைதியானது. டெர்வ்லா ராஃப்டர் மேலே எங்களைப் பார்த்தாள். கன்னம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்பதுபோலக் கையை நெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உட்காராதே என்று கத்த நினைத்தேன். அந்த அறையில் எங்களுக்காகப் பேசியவள் அவள் ஒருத்திதான், எங்களுக்காகவே அவள் வாயை அடைத்தார்கள். நான் கொஞ்சம் எழுந்தேன் போலிருக்கிறது. ஏவலரின் கை என் தோளில் விழுந்தது, கனமாக அல்ல.

யூனனுக்கு இன்னொரு நிமிடம் இருந்தது. தாள் அவர் முன்னால் கவிழ்ந்தே கிடந்தது. "பிரதமருடைய உணர்வுபூர்வமான வார்த்தைகளுக்கு நன்றி," என்று தொடங்கினார், முடியும்வரை அதிலேயே இருந்தார். பிரதமருக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவர் எழுவதற்குள் எங்கள் பக்கத்துத் தொகுதிக்காரர் இருவரும், கடல்துறையை முன்பு கவனித்த ஒரு முன்னாள் அமைச்சரும் எழுந்து, தாங்களும் அனுதாபத்தில் சேர்ந்துகொள்ள அனுமதி கேட்டார்கள். சபாநாயகரால் அதை எப்படி மறுக்க முடியும்? அனுமதித்தார். அவர்கள் முடித்தபோது நேரம் முடிந்திருந்தது. பிரதமர் மாடத்தை நோக்கித் தலை குனிந்தார். அடுத்த அலுவலை வாசிக்கத் தொடங்கினார்கள்.

அவைக்கு வெளியே நடைக்கூடத்தில் வரிசை நின்றது. சாவு வீட்டில் நிற்பதுபோலவே நின்றார்கள், கட்சி வித்தியாசம் இல்லாமல். யூனன் எங்களைச் சுவரோரம் நிறுத்தினார். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த மூன்று சொற்களைச் சொல்லி நகர்ந்தார்கள். நாப்லா கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவளைத் தாண்டி என் கையைத் தேடினார்கள். நான் யூனனைப் பார்த்தேன்.

"ஏன் வாசிக்கல?"

"எப்படிடா வாசிப்பேன்?" அவர் கண்ணில் நீர் இருந்தது. "அவ மூஞ்சியப் பாத்தேன். உன்னை அவ முன்னாடி, ஊர் முன்னாடி... என்னால முடியல மேனஸ்."

"என்ன வாசிக்கல?" என்றாள் நாப்லா.

அப்போது பிரதமர் வந்துவிட்டார். பின்னால் கோப்பை வைத்துக்கொண்டு ஓர் இளம் அதிகாரி. பிரதமர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"உங்க துயரத்துக்கு வருந்துறேன், மேனஸ்."

பிடித்தார், ஒரு தரம் அழுத்தினார், விட்டார். நான் விடவில்லை. அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். நான் அதற்குமேல் இறுக்கிப் பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொறி இழுத்து இழுத்துக் காய்த்த கை என்னுடையது. அவருக்கு வலித்திருக்கும்.

"கப்பல் திங்கக்கிழமை வரைக்கும் நிக்குமா?"

"மேனஸ், இதை நாம உள்ள போய், ஒரு டீ குடிச்சுக்கிட்டு..."

"நிக்குமா?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் ஷூவைப் பார்த்தான். பிரதமர் என் பக்கம் திரும்பியபோது அவைக்குரல் போய்விட்டிருந்தது.

"கப்பல் இன்னைக்குக் காலைலயே கிளம்பிடுச்சு. தெக்க வேற அவசர வேலை. எனக்கே பதினோரு மணிக்குத்தான் சொன்னாங்க. உங்களை மேல வச்சுக்கிட்டு அதை என்னால சொல்ல முடியல."

நாப்லாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை அல்ல. யாரோ வயிற்றில் குத்தியதுபோல.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே," என்றாள்.

"பன்னெண்டு நாள் தேடிட்டாங்கம்மா. கோடு போட்டு ஒவ்வொரு அடியா..."

"அவங்க அங்க தேடவே இல்ல," என்றேன்.

பிறகு சொன்னேன். தாள் என்னிடம் இல்லை, வாயால்தான் சொன்னேன். கோயில், டவர், அப்பா, ஆஸ்பத்திரிக் கட்டில். பழைய டவரை நினைத்துக்கொண்டு டவர் என்று சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல். திங்கட்கிழமை துறையில் சொன்னது, அவர்கள் என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னது. பிரதமரின் கையை விடாமலேயே சொன்னேன், விட்டால் அவர் போய்விடுவார் என்று அல்ல, விட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று. என் இடது பக்கத்தில் நாப்லா இருந்தாள். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நான் முடித்ததும் பிரதமர் கேட்டது ஒன்றுதான்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப கப்பல் எங்க?" என்று அதிகாரியிடம் திரும்பாமலே கேட்டார்.

"நாலு மணி நேர ஓட்டத்துல இருக்கும் சார். ஆனா திருப்பினா அந்தப் பக்க வேலை..."

"ஃபோனைப் போடு."

அங்கேயே, சுவரோரம் நின்று, இடது கையால் ஃபோனைப் பிடித்துப் பேசினார். வலது கை இன்னும் என்னிடம். இரண்டு பேரிடம் பேசினார். மூன்றாவது ஆளிடம் குரலை உயர்த்தினார். பிறகு ஃபோனைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு விடியும்போது அங்க இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். திங்கள் முடியாது, கேக்காதீங்க. நீங்க அதுல ஏறி இடத்தைக் காட்டணும்."

இரண்டு நாள். அன்று எனக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான். கையை விட்டேன். அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

திரும்பும்போதும் நாப்லாதான் ஓட்டினாள். மொனகன் ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னைக்குப் புதன்."

"ஆமா."

"யூனனுக்குச் சொன்ன. துறையில இருக்கிற தடியனுக்குச் சொன்ன. நாட்டுப் பிரதமருக்குச் சொன்ன. உனக்கு நாலு நாளாச் சமைச்சுப் போட்டவளுக்குச் சொல்லல."

"பயமா இருந்துச்சு நாப்லா."

"எனக்கு மட்டும் என்ன, திருவிழாவா?" என்றாள். வண்டி கொஞ்சம் ஆடியது. சரி செய்தாள். வெகுதூரம் போனபிறகு, "இல்லாத டவரை நாளைக்குக் கப்பல்லருந்து எப்படிடா பாப்ப?" என்று கேட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை விடியும்போது நான் கப்பலின் மேல்தளத்தில் கமாண்டர் பக்கத்தில் நின்றேன். கோயில் முகப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் மலை வெறுமையாக இருந்தது. பழைய டவர் நின்ற சிமெண்டு மேடை கடலிலிருந்து தெரியாது. மலையின் விளிம்புக்கோட்டை வைத்து உத்தேசமாகச் சொல்லத் தொடங்கினேன், என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை. அப்போது கமாண்டர் தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார்.

"அங்க யாரோ இருக்காங்க."

மலைத்தோளில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் கரிக்கட்டிக் குவியலை மூடி வைக்கும் தார்ப்பாய். அந்த இருட்டில் நாப்லா அதை முதுகில் சுமந்து ஏறியிருக்கிறாள். பழைய மேடையின்மேல் நின்று, இரண்டு மூலைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். காற்று அவளை இழுத்துத் தள்ளியது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி தூக்கினாள்.

கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொன்னேன். கோயில் முகப்பின் சிலுவை அந்த ஆரஞ்சுக்கு நேர்கீழே வந்தது. தீவின் வால் முனைக்குப் பின்னால் போனது.

"இங்கதான்," என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் கருவியின் திரையில் எங்கள் படகு வந்தது. வலது பக்கமாகச் சாய்ந்து, முழுசாக.

முக்குளிப்பவர்கள் நான்கு முறை இறங்கினார்கள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் சுற்றி முக்கால் மைலுக்குத் தேடினார்கள். காண்டி இல்லை. அவர்களில் மூத்தவர், தெற்கே கார்க் பக்கத்துக்காரர், வெள்ளிக்கிழமை பிற்பகல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே அண்ணனின் ரப்பர் பூட்ஸ், இடது கால் மட்டும். ஓட்டும் அறையின் கதவடியில், பொறிக்கயிறு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி அதை இறுக்கியிருந்ததாம். கயிற்றை வெட்டித்தான் எடுத்தார்களாம்.

"போன சனிக்கிழமைப் புயலுக்கு அடிமணல் மொத்தமும் பொரண்டிருக்கு. அதுவரைக்கும் இந்தக் கயிறு அவரைப் பிடிச்சு வச்சிருக்கும்," என்றார். எங்கள் ஊர்க்காரர்களைப்போல அவரும் அனுதாபத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தோளைத் தட்டிவிட்டுக் கயிறுகளைச் சுருட்டப் போய்விட்டார்.

படகு மூழ்கிய மறுநாளிலிருந்து அந்தப் புயல் வரைக்கும் கடல் ஏழு நாள் குளம்போலக் கிடந்தது. அந்த ஏழு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தேடுகிறார்கள், நல்ல வெயில் என்று சந்தோஷப்பட்டவன் நான்.

சிறு படகு என்னைத் துறையில் இறக்கியது. கப்பல் முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நாப்லா தனியாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கைகளில் தார்ப்பாய்க் கயிறு அறுத்த கோடுகள். பையைப் பார்த்தாள். நான் சொல்வதற்குமுன் வாங்கித் திறந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். புயலையும் சொன்னேன்.

அவள் பூட்ஸின் வாய்க்குள் பார்த்தாள்.

"மொத நாளே இங்க தேடியிருந்தா?"

யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். செய்யக்கூடியதெல்லாம் செய்தோம் என்று சொல்லலாம். இன்னும் என்னவெல்லாம் சொல்லலாம் என்று புதன்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயே இருந்திருப்பான்," என்றேன்.

அவள் பூட்ஸைப் பையில் போட்டு, பையின் வாயை முடிந்தாள். காருக்குப் போனாள். அதை முன்சீட்டில், நான் உட்காரும் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பின்கதவை எனக்குத் திறந்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நான் நடந்து வரும்வரை.